மண்டியிட்டவனின் முகம்

இந்தப் பொம்மைச் சிப்பாய்க்கு முகம் மட்டும்தான் பாக்கி. கோட்டு முடிந்துவிட்டது, சிவப்பு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் பாலில்லாத கட்டன் டீ மாதிரி நீர்த்தது, கடைசியில் மடிப்புகளின் மேல்விளிம்பில் மட்டும் ஆரஞ்சு கலந்து ஒரு கோடு. அது காய்ந்ததும் பிளாஸ்டிக்காக இருந்தது துணியாகிவிட்டது. தொட்டால் சொரசொரக்கும் என்று தோன்றுகிறது. பித்தான்கள் முடிந்தன. துப்பாக்கியின் மரக்கட்டையில் மரத்தின் ரேகைகூட வந்துவிட்டது. முகம் மட்டும். மணி பத்தேகால். இரண்டு மணிக்கு ஷிப்ட். இன்று வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இவன் மண்டியிட்டிருக்கிறான். பெட்டியில் வந்த நாற்பது சிப்பாய்களில் முப்பத்தொன்பது பேர் நிமிர்ந்து நிற்கிறார்கள், நடக்கிறார்கள், குறிபார்க்கிறார்கள், இவன் ஒருவன்தான் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, குனிந்து, கீழே விழுந்த எதையோ எடுக்கக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறான். தோட்டாவாக இருக்கலாம். செய்தவனுக்குத்தான் தெரியும். என் சுட்டுவிரலின் முதல் கணு அளவுதான் மொத்த ஆளும். தலை கவிழ்ந்திருப்பதால் மேலேயிருந்து பார்த்தால் தொப்பியும் முதுகும்தான் தெரியும், முகம் இருக்கிறதா என்று பார்க்க ஆளைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். பிடித்துப் பார்த்தேன். இருக்கிறது. மூக்கு இருக்கிறது, வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, இரண்டு கண்குழிகள் இருக்கின்றன. யாரும் பார்க்கப்போகாத ஒரு முகத்தை யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார். "விடு ஹில்டா, மேசையில வெச்சா தொப்பிதான் தெரியும்" என்பார் டென்சில். டென்சில் என் வீட்டுக்காரர், கப்பலில் இரண்டாம் எஞ்சினியர், இப்போது ஆப்பிரிக்காப் பக்கம் எங்கோ இருக்கிறார், நெட்வொர்க் கிடைக்கும்போது போனில் குரல் பதிவு அனுப்புவார். கல்யாணமான வருஷம் ஏதோ ஒரு துறைமுகத்தில் ஒரு கடையிலிருந்து முதல் பொம்மைப் பெட்டியை வாங்கிவந்தவர் அவர்தான். சாப்பாட்டு மேசையில் இரண்டு பட்டாளங்களை நிறுத்தி, அளவுகோலும் பகடையும் வைத்து விளையாடும் போர். அவருக்குப் போர் பிடிக்கும். எனக்கு வர்ணம் பிடித்துவிட்டது. அவரிடமே விட்டிருந்தால் எல்லாம் இன்றும் மொட்டை பிளாஸ்டிக்காகவே நின்றிருக்கும். பெட்டியின் மேல் இருக்கும் படத்தில் இவர்கள் எல்லோரும் ரோஸ் நிறம். நான் மண் நிறத்தில் கொஞ்சம் மஞ்சள், ஒரு துளி சிவப்பு கலந்து பூசுகிறேன். "ஐரோப்பாப் பட்டாளத்துக்கு நம்ம ஊரு மூஞ்சி" என்று டென்சில் சிரித்தார். எனக்குத் தெரிந்த மூஞ்சி அதுதானே.

ஃபேன் போடக்கூடாது. போட்டால் வர்ணம் தூரிகையிலேயே காய்ந்துவிடும், இந்த ஊர்க் காற்றில் உப்பு வேறு. கழுத்தில் வேர்வை இறங்குகிறது. மாத்திரை டப்பாவின் மூடியில் இரட்டைப் பக்க டேப் ஒட்டி அதன்மேல் இவனை நிறுத்தியிருக்கிறேன், டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே கொண்டுபோனால் முகம் திடீரென்று பெரிதாகிறது, ஒரு ஆளாகிறது, கோயிலில் திரை விலகும்போது மாதா முகம் தெரியுமே, அப்படி. ஒன்பது நாளாக இவனைத் தள்ளித்தள்ளி வைத்தேன். நிற்கிறவர்களை முதலில் முடிப்போம் என்று எனக்கே சாக்குச் சொன்னேன். ஒன்பது நாளாக நான் மேலே ஏறவில்லை. மேலே என்றால் நாற்பது மீட்டர். கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்குகிற கிரேனில் நான் ஆப்பரேட்டர், பதினோரு வருஷமாக. என் கேபினுக்குத் தரை கிடையாது, கண்ணாடிதான். கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தபடியேதான் எட்டு மணி நேரமும். கீழே நிற்கிற மனுஷர்கள் எனக்கு இந்தப் பொம்மைகள் அளவுதான், கையை நீட்டிப் பிடித்து ஒருநாள் அளந்தே பார்த்தேன், சரியாக இருந்தது. அதிலும் நேர்மேலேயிருந்து பார்ப்பதால் ஆள் முழுசாகக்கூடத் தெரியாது, பாசிப்பயறு அளவில் ஒரு மஞ்சள் தொப்பி, அதற்கு இரண்டு பக்கமும் தோள். பதினோரு வருஷமாக நான் பார்த்தது பாசிப்பயறுகளைத்தான். நடக்கும், நிற்கும், ஒன்று இன்னொன்றின் பக்கத்தில் போய் தீப்பெட்டி கேட்கும். அன்றைக்கு மட்டும் ஒன்று முகமாக மாறியது.

ஒண்ணும் நடக்கலை. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். சூப்பர்வைசர் போனில் சொன்னார், "ஒண்ணும் நடக்கலையேம்மா." டென்சில் குரல் அனுப்பினார், "ஒண்ணும் நடக்கலைல்ல, விடு." பக்கத்து வீட்டு மோட்சம்மாள் சொன்னாள், "ஒண்ணும் நடக்காம மாதா காப்பாத்தினா." ஒண்ணும் நடக்கலை. அந்த ஒண்ணும்தான் எனக்குள் நடந்துகொண்டே இருக்கிறது. காலை பதினோரு மணி. வெயில் கண்ணாடியில் அடித்தது. இருபத்திரண்டு டன் கன்டெய்னர் பெட்டி. லாரி வரவில்லை, தரையிலேயே இறக்கச் சொன்னார்கள். பெட்டியின் நாலு அடிமூலைகளிலும் கைமுட்டி அளவுக்கு இரும்புப் பூட்டுகள் இருக்கும், அவற்றைக் கழற்றுவதற்காக இடுப்புயரத்தில் பெட்டியை நிறுத்துவேன், நாலு பேர் நாலு மூலைக்கு வந்து கழற்றுவார்கள், மஞ்சள் கோட்டுக்கு வெளியே போய் நிற்பார்கள், கீழே நிற்கிற சைகைக்காரர் கையாலோ ரேடியோவிலோ சைகை தருவார், இறக்குவேன். அன்றைக்கும் கழற்றினார்கள். போனார்கள். சைகை வந்தது. சைகை காட்டியவர் உடனே கப்பல் பக்கம் திரும்பிவிட்டார். நான் இறக்க ஆரம்பித்தேன். அப்புறம் ஒரு முகம். பெட்டியின் விளிம்போரம் ஒரு ஆள் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கொத்தமல்லி விதை அளவு முகம், அதில் கண் எங்கே தெரியப்போகிறது, ஆனால் தெரிந்தது, சத்தியமாகத் தெரிந்தது, இரண்டு கண்ணும் என்னைப் பார்த்தன. என் கை லிவரை இழுத்துவிட்டது. பெட்டி நின்றது. முகம், பிறகு கை. அப்படித்தான் ஞாபகம். ஒன்பது நாளில் ஒன்பதாயிரம் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன், முகம், பிறகு கை, ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது, அங்கே நான் எங்கே இருந்தேன் என்று தெரியவில்லை, அந்த இடத்தில் படம் அறுந்துபோகிறது. அவன் நிமிர்ந்து பார்க்காமல் இருந்திருந்தால்? அதுதான். அவன் பார்த்ததால் நான் பார்த்தேன். அவன் பார்க்காமல் குனிந்தே இருந்திருந்தால் எனக்கு அது வெறும் பாசிப்பயறு. நாளைக்கு ஒருவன் நிமிர மாட்டான். நாளைக்கு ஒருவன் குனிந்தே இருப்பான். லிவரைப் பிடிக்கிற இந்தக் கைதான், இதோ, மூன்று மயிர் நுனியுள்ள தூரிகையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நடுங்கவில்லை, ஏன் நடுங்கவில்லை என்றே பயமாக இருக்கிறது.

முகத்துக்கு முதல் பூச்சு போட்டாயிற்று. மண் நிறம். இது காய்வதற்குள் காலடித் தரையைச் செய்துவிடலாம். பொம்மை நிற்கிற வட்டத் தட்டுக்கு மண் வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாகப் பூசியிருந்தாலும் கேரம் காய்மேல் ஆளை ஏற்றின மாதிரி இருக்கும். மண் ஒட்டினதும்தான் அவன் ஒரு ஊரில் இருக்கிறான். வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டு இளக்கி, பழைய தூரிகையால் தட்டு முழுக்கத் தடவி, பூட்ஸில் படாமல், ஊன்றின முழங்காலைச் சுற்றிக் கவனமாக. மண் டப்பாவில் இருப்பது நம் கடற்கரை மண்தான், கழுவிக் காயவைத்தது. டீத்தூள் கொஞ்சம், காய்ந்த இலைச் சருகுக்கு. தேங்காய் நாரில் நாலு இழை, புல்லுக்கு. ஒரு சிட்டிகை மண்ணை வெள்ளைக் காகிதத்தில் கொட்டிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் பார்ப்பதுதான், ஒவ்வொரு தடவையும் மூச்சு நின்றுபோகிறது. மண் என்று ஒன்று கிடையவே கிடையாது. தூரத்தில் இருக்கும்போதுதான் அது மண். கிட்டத்தில் சிவப்பு இருக்கிறது, மாதுளை முத்துப்போல உள்ளே வெளிச்சம் போகிற சிவப்பு. கறுப்பு இருக்கிறது, பட்டை தீட்டினது மாதிரி. கண்ணாடி மாதிரி ஒன்று, தேன் மாதிரி ஒன்று, ஒன்றைப்போல இன்னொன்று இல்லை. நடுவில் ஒரு சங்கு. நிஜச் சங்கு. கடுகில் பாதி. ஊசி முனையால் நகர்த்திப் பார்த்தேன், சுருள் சுருளாக மூன்று சுற்று, வாய், வாயின் உதட்டில் ஒரு ரோஸ் விளிம்பு. இதற்குள் ஒன்று உயிரோடு இருந்திருக்கிறது. அதற்கு வாய் இருந்திருக்கும், பசித்திருக்கும். கடலடியில் அதுபாட்டுக்கு ஊர்ந்து போயிருக்கும், தன்னைச் சின்னது என்று நினைத்திருக்காது. நான் எத்தனை ஆயிரம் சங்குகளைச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு சாயங்காலக் காற்று வாங்கியிருக்கிறேன். கர்த்தரே. எவ்வளவு வைத்திருக்கிறாய், இவ்வளவு சின்னதுக்குள். எங்கேயிருந்து பார்த்தால் நான் பாசிப்பயறு. எங்கேயிருந்து பார்த்தால் இந்த ஊரே ஒரு மணல். பயமாகவும் இருக்கிறது, கும்பிடவும் தோன்றுகிறது, இரண்டும் வேறுவேறு என்று இப்போது தெரியவில்லை. மண்ணைத் தூவினேன். பசையில் ஒட்டினது போக மிச்சத்தைத் தட்டிவிட்டேன். சங்கை ஊசியால் எடுத்து நீட்டிய கைக்கு அருகே வைத்தேன். அவன் எடுக்கப்போவது தோட்டா இல்லை, இந்தச் சங்குதான் என்று இருக்கட்டும்.

பதினொன்றரை. கண் வைக்க வேண்டும். கண்குழியில் முதலில் வெள்ளையில் ஒரு கோடு, அதன் நடுவில் கரும்பழுப்பில் ஒரு புள்ளி. புள்ளி கொஞ்சம் விலகினால் பேயடித்தவன் மாதிரி ஆகிவிடுவான். மூச்சை விட்டு முடித்து, அடுத்ததை இழுப்பதற்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் இருக்கும், அதில்தான் கையை இறக்க வேண்டும். யாரும் சொல்லித்தரவில்லை, கை தானாகக் கண்டுபிடித்தது. கிரேனிலும் அப்படித்தான், பெட்டி தரையைத் தொடுகிற கடைசி ஒரு சாணுக்கு நான் மூச்சு விட மாட்டேன். வலது கண். வெள்ளை. புள்ளி. விழுந்தது. விழுந்தவுடனே அவன் எங்கேயோ பார்க்க ஆரம்பித்துவிட்டான். ஒரு புள்ளி. வெறும் பழுப்பு வர்ணம். அதற்கு முன்னால் அங்கே யாரும் இல்லை, இப்போது ஒருவன் இருக்கிறான். இத்தனை வருஷமாகப் பூசுகிறேன், இது எப்படி நடக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இடது கண்ணுக்கு வெள்ளைக் கோட்டை இழுத்தபோது அழைப்பு மணி அடித்தது.

"யாரு?"

"நான்தாங்க்கா. மாசானமுத்து. பூட்டு கழத்துத ஆளு."

தூரிகையைக் கீழே வைத்தேனா, வீசினேனா தெரியாது. மாசானமுத்து. சூப்பர்வைசர் போனில் சொன்ன பெயர். முகமாக மாறின பாசிப்பயறு. சண்டைக்கு வந்திருக்கிறான். வராமல் என்ன செய்வான். பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பான், அவள் கேட்பாள், கண்ணை எங்கே வெச்சிருந்தே என்று, நான் என்ன சொல்வேன், இங்கே உட்கார்ந்து பொம்மைக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தேன் என்றா. கதவைத் திறந்தேன். திறந்து அப்படியே நின்றுவிட்டேன், ஏனென்றால் அவன் அவ்வளவு உயரம். நிலைக்குத் தலை தட்டாமல் இருக்கக் குனிந்தான். முப்பத்தைந்து வயசிருக்கும். கழுத்தில் ஒரு தழும்பு, காதோரம் நாலு நரை, சட்டையில் சலவை சோப்பு வாசம். இவ்வளவு பெரிய ஆளா. இவ்வளவும் அந்தத் தொப்பிக்குக் கீழேயா இருந்தது. தனியாகத்தான் வந்திருந்தான், கையில் பேப்பரில் சுற்றின ஒரு கட்டு.

"பனங்கிழங்குக்கா. வீட்டுல அவிச்சுக் குடுத்து விட்டா."

"உள்ள வாங்க. பெயின்ட் காயணும், அதான் ஃபேன் போடலை."

உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னான். "நீங்க வேலைக்கு வரலைன்னு சொல்லுதாங்க. என்னாலதானக்கா?"

"இன்னைக்கு வாரேன். ரெண்டு மணிக்கு."

"தப்பு என் மேலதான். ஆபீஸ்லயும் அப்படித்தான் எழுதிக் குடுத்தேன். உங்கள்ட்டயும் ஒரு வார்த்தை சொல்லணும்னு ஒன்பது நாளா நினைக்கேன், எப்படி வந்து நிக்கன்னு கூச்சமா இருந்துச்சு."

நான் அவனுக்குப் பயந்த ஒன்பது நாளும் அவன் எனக்குப் பயந்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து குடித்தான். தொண்டைக்குமிழ் ஏறி இறங்கியது, அதை வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. தொண்டை. தண்ணீர் இறங்குகிற தொண்டை. எல்லாமே எவ்வளவு பிரமாதமாக வேலை செய்கிறது ஒரு ஆளுக்குள்.

"ஏன் உள்ள போனீங்க?" என்று கேட்டேன்.

"கழத்தின பூட்டு ஒண்ணு கை நழுவி உருண்டுட்டுக்கா. பெட்டி அது மேல உக்காந்தா அடித் தகடு கிழிஞ்சிரும், சாஞ்சிரும். நீங்க நிப்பாட்டித்தான் வெச்சிருக்கீங்கன்னு நினைச்சு மண்டி போட்டுக் கைய நீட்டிட்டேன். ஒரு எட்டுல எடுத்துட்டு வந்துரலாம்னு. சைகை போனதை நான் கவனிக்கலை."

"நல்லவேளை, மேல பாத்தீங்க."

"எங்கக்கா பாத்தேன்?"

"பாத்தீங்களே. நீங்க நிமிந்து என்னப் பாத்தீங்க. அதனாலதான நான் நிப்பாட்டினேன்."

அவன் டம்ளரை மேசையில் வைத்தான். யோசித்தான். யோசித்துத்தான் சொன்னான், அதுதான் எனக்கு முக்கியம், சும்மா எதிர்த்துச் சொல்லவில்லை.

"இல்லக்கா. நான் பெட்டிக்கு அடியில இருந்தேன். முழுசா உள்ள. தொப்பிக்கும் பெட்டிக்கும் ரெண்டு சாண்தான் இருந்துச்சு, பெட்டி நெருங்கி வாரதே எனக்குத் தெரியாது. கிரேன்ல ஒரு சத்தம் ஓடிட்டே இருக்கும்லா, அது சட்டுனு நின்னுச்சு. சத்தம் நின்ன பெறகுதான் என்னடான்னு பின்னால ஊர்ந்து வெளிய வந்தேன். வந்துதான் மேல பாத்தேன்."

"மொதல்ல பாத்தீங்க."

"அடியில இருக்கவன் எப்படிக்கா மேல பாப்பான்? மேல பெட்டிதான இருக்கு. என்னை நீங்க பாத்திருக்கவே முடியாது."

கை, பிறகு முகம். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், கேட்கவில்லை. முகத்தைப் பார்த்து நிறுத்தவில்லை. நிறுத்தின பிறகுதான் முகம் வந்தது. ஒன்பது நாளாக நான் வரிசை மாற்றி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், பயம் எனக்கு அப்படி அடுக்கிக் கொடுத்திருக்கிறது. அப்படியானால் கை எதைப் பார்த்தது? மறுபடி ஓட்டினேன், இந்தத் தடவை முகம் இல்லாமல். வெயில். பெட்டியின் துருப்பிடித்த கூரை. சைகை. லிவர் முன்னால் போகிறது. பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு மஞ்சள், கோட்டுக்கு வெளியே. இந்தப் பக்கம் ஒரு மஞ்சள். லாரிப் பாதையோரம் ஒரு மஞ்சள். அவ்வளவுதான். அவ்வளவுதான் இருந்தது. மூன்று. நான் எண்ணவில்லை. எண்ண நேரமே இல்லை, எண்ண வேண்டும் என்றும் தோன்றவில்லை, ஆனால் மூன்று இருந்தது, மூன்றாக இருக்கக்கூடாது. போன மாதம் பொம்மைகள் நிற்கிற அலமாரியைத் துடைத்துவிட்டுத் திரும்பி நடந்தவள் சமையலறை வாசலில் நின்றுபோனேனே, ஏன் நின்றோம் என்று தெரியாமல், திரும்பி வந்து பார்த்தால் நடு வரிசையில் ஒரு சிப்பாய் பின்னால் சரிந்து விழுந்து கிடந்தான். அப்போதும் எண்ணவில்லை. வரிசையில் ஒரு ஓட்டை, அது முதுகில் குத்தி நிறுத்தியது. இருக்கிறவர்களைத்தான் கண் பார்க்கும் என்று நினைத்திருந்தேன். இல்லாதவனையும் பார்க்குமா? பார்த்திருக்கிறது. எனக்குச் சொல்லாமலே பார்த்திருக்கிறது. இந்த உடம்புக்குள் நான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவளுக்குப் பின்னால் இன்னொருத்தி உட்கார்ந்து எல்லோரையும் கணக்கில் வைத்திருக்கிறாள், பாசிப்பயறு என்று அவள் நினைக்கவில்லை, ஒன்று குறைந்ததும் கையை எட்டிப் பிடித்திருக்கிறாள். யார் அவள். எத்தனை வருஷமாக இருக்கிறாள். சிலிர்த்தது, கையைப் பார்த்தேன், முடியெல்லாம் எழுந்து நின்றது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"அக்கா? தண்ணி குடிங்க."

"மூணு பேர்தான் தெரிஞ்சாங்க" என்றேன்.

"என்னது?"

"உங்க தொப்பி இல்ல. அதனாலதான் நின்னுச்சு. உங்களைப் பாத்து நிப்பாட்டலை. காணலைன்னு நிப்பாட்டியிருக்கேன்."

அவனுக்கு அது எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. அப்புறம் கண்ணைத் திருப்பிக்கொண்டு, மேசையில் இருந்ததைப் பார்த்து, "இது என்னதுக்கா, கொலு பொம்மையா?" என்றான். விளையாட்டுப் பட்டாளம் என்றேன். பூதக்கண்ணாடியை அவன் பக்கம் திருப்பினேன். அவ்வளவு பெரிய உடம்பைக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தட்டிவிடக்கூடாது என்று மெதுவாக வளைத்து, கண்ணை வைத்தான். வைத்தவன் எடுக்கவில்லை.

"யம்மாடி" என்றான். ரொம்ப மெதுவாக. "சட்டைப் பித்தான்லாம் இருக்கு."

டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு கண் வைத்தாயிற்று, இன்னொரு கண் வெள்ளைக் கோடு மட்டும். அவன் முகத்தைப் பார்த்தான், ஊன்றின முழங்காலைப் பார்த்தான், நீட்டின கையைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் வெட்கப்பட்டாற்போல் கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டான்.

"இந்த மூஞ்சி கீழ போயிருமே. யாரு பாப்பாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க."

"பெறகு எதுக்குக்கா?"

"இருக்கே" என்றேன். "மூஞ்சி இருக்கே, மாசானம்." அவன் தலையை ஆட்டினான், அது போதும் என்பதுபோல. அவன் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது கண்ணின் புள்ளியை வைத்தேன். நான் மூச்சை விட்டேன், அவனும் விட்டான், இரண்டு பேரும் இழுக்காமல் இருந்தோம், புள்ளி விழுந்தது. கண் இரண்டும் மண்ணில் கிடந்த சங்கைப் பார்த்தன.

புறப்படும்போது வாசலில் நின்று, "நானும் ரெண்டு மணி ஷிப்ட்தான்க்கா. உங்க கிரேன்தான் போட்டிருக்காங்க. கீழ இருந்து கையத் தூக்குதேன், எது நான்னு உங்களுக்குத் தெரியும்ல" என்றான்.

"ஐயோ, தூக்காதீங்க. கை தூக்கினா நிப்பாட்டணும்னு அர்த்தம்."

சிரித்தான். முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருந்தது. அதையும் பார்த்துக்கொண்டேன்.

மத்தியானம் கிரேனின் லிஃப்டு மேலே போகும்போது கம்பிகளுக்கு நடுவே கடல் விரிந்தது, உப்பளம், புகைக்கூண்டு, மாதா கோயில் கோபுரம், எல்லாம் சிறுத்துக்கொண்டே வந்தன. கேபின் கதவைத் திறந்ததும் எண்ணெய் வாசம், சூடான ரெக்சின் சீட்டு. உட்கார்ந்தேன். பெல்ட்டு. காலுக்குக் கீழே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே நாற்பது மீட்டர் காற்று. கப்பலிலிருந்து முதல் பெட்டியைத் தூக்கினேன். நீலப் பெட்டி. கரைக்கு மேலே கொண்டுவந்து, காற்றில் அது ஆடி அடங்கும்வரை காத்திருந்து, இடுப்புயரத்துக்கு இறக்கி நிறுத்தினேன். வந்தார்கள். குனிந்தார்கள். கழற்றினார்கள். நடந்துபோய் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். நாலு தொப்பி. ஒருவன் வேர்வையைத் துடைக்கிறான். ஒருவன் தொப்பியைச் சரிசெய்கிறான். ஒருவன் பக்கத்தில் நிற்கிறவனிடம் ஏதோ சொல்கிறான், அவன் சிரிக்கிறான்போல, தோள் குலுங்குகிறது. இதில் மாசானம் யார்? உயரத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன், மேலேயிருந்து உயரம் தெரியாது. நரை தெரியாது, தழும்பு தெரியாது, உடைந்த பல் தெரியாது. நாலும் ஒரே அளவு, ஒரே மஞ்சள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தொண்டை இருக்கிறது, தண்ணீர் இறங்குகிற தொண்டை. ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒருத்தி ஏதோ ஒன்றை அவித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். கண்கள் நனைந்து நாலும் கலங்கின, புறங்கையால் துடைத்தேன், மறுபடி தெளிவாக நாலு. எது மாசானம் என்று கடைசிவரை தெரியவில்லை. ரேடியோவில் சைகைக்காரரின் குரல் வந்தது.

"இறக்கலாம்க்கா."

மூச்சை விட்டேன். இறக்கினேன்.